பதினோரு நாளுக்கு எட்டு மேளம்

அக்ரா, கானா
11.02.2001

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அஜந்தன் எழுதிக்கொள்வது. இங்கே வந்து பன்னிரண்டு நாளாகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வெயிலுக்கும் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முட்டுவலி, மச்சானின் வேலை, உன் வயிற்றில் இருக்கிறவரின் சுகம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

பாட்டுகளைப் பதிவு செய்து, கோத்து, கசட்டாக்கும் வரைக்கும் உள்ள வேலையைச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இது. பெரிய கட்டடம் என்று நினைத்து வந்தேன். நம் தோட்டத்து டிஸ்பென்சரி அளவுதான் இருக்கிறது. ஆறு வருடமாகக் கொழும்பு ஸ்டூடியோவில் வயர் சுருட்டினேன். இங்கேயும் முதல் வாரம் முழுக்க வயர்தான் சுருட்டினேன். ஒரே வித்தியாசம், இங்கே மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிறது. போனால் எல்லோரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மேளம் அடிக்கிறார்கள். வந்தால் உள்ளே போய் அதையே பதிவு செய்கிறோம்.

சாப்பாடு புளித்த சோள மாவு உருண்டை. மூன்று நாள் முகத்தைச் சுளித்தேன். நாலாம் நாள் பசி ஜெயித்துவிட்டது. அசதியாக இருக்கிறது அக்கா. பேசுவது முழுக்க இங்கிலீஷில் என்பதால் பின்னேரமானால் வாய் வலிக்கிறது.

கிளம்பும்போது சொன்னதை மறக்கவில்லை. பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிற அன்று என் மடியில்தான் உட்கார வேண்டும். வேறு எவன் மடியிலாவது வைத்தால் வந்து சண்டை பிடிப்பேன். ஒரு வருடம்தானே, அதுவரை அதன் காது அதனிடமே இருக்கட்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு உன் தம்பி,
அஜந்தன்


குருவிமலைத் தோட்டம், நடுக்கணக்கு
கொஸ்லந்த
09.03.2001

அன்புத் தம்பி அஜந்தனுக்கு,

அக்கா சரோஜினி எழுதுவது. உன் கடிதம் கிடைத்து, அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இரு.

அம்மாவின் முட்டுக்கு எண்ணெய் போடுகிறோம். எண்ணெய்தான் தீர்கிறது. மச்சான் மொனராகலைப் பக்கம் கரும்பு லொறியில்தான் இன்னமும் போகிறார். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வந்து, தூங்கி, எழும்பிப் போகிறார். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னே தாய்மார் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கொழுந்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஒன்று தூங்கினால் இன்னொன்று எழும்புகிறது. நாள் முழுக்கப் பாடிப் பாடி, வீட்டுக்கு வந்தால் பேசக்கூட வாய் வருவதில்லை. உனக்கு இங்கிலீஷ், எனக்குத் தாலாட்டு.

காமன் கூத்து நேற்று முடிந்தது. தப்பு அடிக்கத் தொடங்கினால் உள்ளே இருக்கிறது சும்மா இருப்பதில்லை. மேளத்துக்கு மேளம் உதைக்கிறது. அம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமங்காரன் மாதிரியே இதுவும் சத்தத்துக்குச் செத்தது"ன்னு சொல்லிச் சிரித்தாள். மே மாதம் நடுவில் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள்.

உன் மடி பத்திரமாக இருக்கட்டும். வேறு யாருக்கும் அந்த இடத்தைக் கொடுக்கமாட்டேன்.

உன் அக்கா,
சரோஜினி


அக்ரா
22.04.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகவே இருக்கிறேன். நாள் நெருங்கிய நேரத்தில் உனக்குப் பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று இங்குள்ள கடற்கரைக் கோவில் மாதாவிடம்கூடச் சொல்லிவைத்தேன். நம் முனியாண்டி கோபித்துக்கொள்ளமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் இந்த ஊர்ப் பாட்டுக்காரர் ஒருவரைச் சோடி சேர்த்துவிட்டார்கள். என் சோடி எஃபுவா என்று ஒரு பாடகி. வயது நாற்பது இருக்கும். கல்யாண வீடு, சாவு வீடு இரண்டிலும் பாடுகிறாள். இங்கே சாவு வீட்டிலும் கிட்டார் வாசித்து, மேளம் அடித்து, ஆடித்தான் அனுப்புகிறார்கள். முதல் நாள் போய்ப் பார்த்தபோது கல்யாணம் என்று நினைத்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டேன். எஃபுவா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அவர்கள் பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். எஃபுவா என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவள். பிள்ளை பிறந்து எட்டு நாள்வரை விருந்தாளி மாதிரியாம். இருக்குமோ போய்விடுமோ தெரியாதாம். எட்டாம் நாள் விடியற்காலையில் வாசலுக்குக் கொண்டுவந்து பெயர் வைத்தால் அது ஊர் ஆள். நம் பிள்ளைக்கும் நீ கிழமையை எழுது, நான் ஒரு பெயரை வாங்கிவைக்கிறேன்.

இன்னொன்று. இது தங்கம் விளைகிற நாடு. சின்னதாக ஒரு சோடித் தோடு வாங்கிவிட்டேன். பச்சரிசி அளவுதான் இருக்கும். காது குத்துக்கு மாமன் சீர் தயார்.

தோட்டத்து ஒஃபீஸ் நம்பருக்கு மே மாதம் கோல் எடுக்கட்டுமா?

உன் தம்பி,
அஜந்தன்


அக்ரா
17.06.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே என்ன சுகம் என்றுதான் தெரியவில்லை. நான் எழுதி எட்டுக் கிழமை. ஒஃபீஸுக்கு இரண்டு தரம் கோல் எடுத்தேன். ஒரு தரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்றத் தரம் கிளாக்கர் இளையதம்பி ஐயா எடுத்தார். "தம்பி, எல்லாரும் இருக்கினம். அக்கா எழுதுவா"ன்னு சொன்னார். பிள்ளை என்ன பிள்ளை என்று கேட்கும்போது லைன் அறுந்துவிட்டது.

பிள்ளைக்காரி ஆகிவிட்டால் தம்பியை மறந்துவிடுவார்களாம், எஃபுவா சொல்கிறாள். ஆணா பெண்ணா என்று ஒரு வரி போதும். பால், பீத்துணி, தூக்கமின்மை எல்லாம் எனக்கும் விளங்கும். நானும் இங்கே தூங்குவதில்லை. சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கிப் போகிறேன். தோள்பட்டை கழன்று வருகிறது.

ஒரு வரி எழுது அக்கா.

அஜந்தன்


குருவிமலைத் தோட்டம்
12.07.2001

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதச் சுணங்கியதற்குக் கோபிக்காதே. நீ சுகமாக இருப்பது தெரிந்து அம்மா விளக்குப் போட்டாள்.

மே மாதம் மழை பலமாக இருந்தது. நம் தோட்டத்துக்குக் கீழே பெரிய வளைவில் மண் சரிந்து நாலு நாள் பாதை இல்லை. இப்போது திறந்துவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டு வீக்கம் குறைந்திருக்கிறது. மச்சான் கரும்பு லொறியை விட்டுவிட்டு இங்கேயே கொந்தரப்புக் கூலி வேலைக்குப் போகிறார். நான் ஜூன் மாதமே பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை.

பெண் பிள்ளை. காது அப்படியே உன்னுடைய காது.

தோட்டை அனுப்பாதே. தபாலில் தொலைந்துபோகும். உன்னிடமே இருக்கட்டும். ஒஃபீஸுக்குக் கோலும் எடுக்காதே. அங்கே போய் நின்று பேசுவது எனக்குச் சரிவராது. எழுதினால் நான் எழுதுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பாரம் தூக்கும்போது பார்த்துத் தூக்கு.

அக்கா,
சரோஜினி


அக்ரா
08.08.2001

அன்புள்ள அக்கா,

பெண்ணா! என் காதா! பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். எஃபுவா வாழைக்காய்ப் பொரியல் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். நான் நலமோ நலம். அம்மாவுக்குப் பேத்தி வந்த சந்தோஷத்தில் முட்டும் குணமாகிவிட்டது போலிருக்கிறது. மச்சானும் மகளை விட்டுப் போக மனமில்லாமல் கரும்பு லொறியை விட்டிருக்கிறார். பாவம், நல்ல மனுஷன். பெயர் என்ன வைத்தீர்கள், எந்தக் கிழமை பிறந்தாள் என்று எழுதாமல் விட்டுவிட்டாய். அரைத்தூக்கத்தில் எழுதியிருப்பாய்.

இப்போது ஒரு உதவி. கடைசிப் பரீட்சைக்கு நானும் எஃபுவாவும் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்ய வேண்டும். என் பங்குக்கு என் ஊரிலிருந்து ஒரு சத்தம் கொண்டுவர வேண்டும் என்பது விதி. எல்லோரும் கசட் கடைப் பாட்டுகளைத் தேடுகிறார்கள். எனக்கு உன் குரல்தான் ஞாபகம் வந்தது. பிள்ளைக்காம்பரா ஜன்னலுக்கு வெளியே நின்று எத்தனை நாள் கேட்டிருப்பேன்! ஒரு தாலாட்டுப் பாடி அனுப்பு. இளையதம்பி ஐயாவிடம் ரேடியோ கசட் இருக்கிறது. கதவை மூடிக்கொள். பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார். தகரத்தில் மழை விழாத நேரமாகப் பார். மகளை மடியில் வைத்துக்கொண்டே பாடு. அவள் சிணுங்கினாலும் பரவாயில்லை, அதையும் பாட்டில் போட்டுவிடுகிறேன்.

பாட்டு வந்தால்தான் எனக்குச் சான்றிதழ். அதை மறக்காதே.

மாமன்,
அஜந்தன்


குருவிமலைத் தோட்டம்
12.09.2001

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கசட்டை இதோடு அனுப்புகிறேன். வேண்டாம் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். சான்றிதழ் என்று எழுதிவிட்டாய். நாலரை மணிக்குப் பிள்ளைகளை எல்லாம் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு, இளையதம்பி ஐயா பெட்டியைக் கொண்டுவந்தார். "பிள்ளை, இந்தச் சிவப்பையும் மற்றதையும் ஒண்டா அமத்தவேணும். நான் வெளியில நிக்கிறன், நீர் உம்மட பாட்டுக்குப் பாடும்"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பாடி முடித்து வெளியே வந்தேன். மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரே தரம்தான் பாடினேன். சரியில்லை, இன்னொன்று பாடு என்று கேட்காதே. என்னால் முடியாது. அம்மாவுக்கு இது தெரியாது, நீயும் எழுதாதே.

இன்னொன்று. இந்தப் பாட்டைப் போட்டு எந்தப் பிள்ளையையும் தூங்க வைக்காதே. அங்கே உள்ளவர்களிடமும் சொல்லிவிடு.

அக்கா,
சரோஜினி


அக்ரா
14.10.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாய் இருக்கிறேன். நீயும் அம்மாவும் மச்சானும் சின்னவளும் அப்படியே இருக்க வேண்டும். கசட் உடையாமல் வந்தது!

அக்கா, எனக்கே தெரியாமல் இத்தனை நாள் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாய்? வாத்தியார் ஹெட்போனைப் போட்டவர் கழற்றவே இல்லை. உனக்கு அன்று தடிமனும் மூக்கடைப்பும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவே மூச்சு இழுபடுகிறது, அடைக்கிறது. கவலைப்படாதே. கம்ப்யூட்டரில் போட்டு அந்த மூச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டேன். மூன்று நாள் வேலை, கண் பூத்துவிட்டது. இப்போது உன் குரல் கழுவி வைத்த கண்ணாடிக் கிளாஸ் போல இருக்கிறது.

பிறகு மேளம். எட்டுப் பேர் வந்தார்கள். காலையில் தொடங்கிச் சாப்பாட்டு நேரம்வரை அடித்தார்கள். ஓட்டம் கொஞ்சம் வேகம், காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதன் மேலே எஃபுவா தன் பாஷையில் பாடுகிறாள். அவளுக்கு நான் கழுவின குரலைத்தான் காதில் போட்டுவிட்டேன். வரிகளும் புதுசு, நீயே கட்டினாயா?

கட்டாத தொட்டிலுக்குக்
காத்து வந்து ஆட்டுதம்மா
மாமன் வர்ற பாதையில
மண்ணு சரிஞ்சு கெடக்குதம்மா
ஊட்டாத பாலெல்லாம்
ஊறி ஊறிக் காயுதம்மா

என்னையும் சேர்த்து, மே மாத மண்சரிவையும் சேர்த்துவிட்டாயே! எங்கள் வகுப்புப் பாட்டுகள் எல்லாம் ஒரு கசட்டாக வரப் போகின்றன. ஜனவரி பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். உன் பெயர் அட்டையில் வரும். பிள்ளையின் பெயரையும் எழுதி அனுப்பு, பாட்டுக்கு அந்தப் பெயரையே வைத்துவிடலாம்.

தம்பி,
அஜந்தன்


அக்ரா
02.11.2001

அக்கா,

என்ன சுகம் விசாரிப்பது என்று தெரியவில்லை.

நேற்று மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். உன் கசட்டை, வெட்டாததை, பெட்டியில் போட்டுவிட்டு வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். எஃபுவா ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பாட்டு முடியும்வரை நின்றாள்.

"செத்தது யார்?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். "இது தாலாட்டு, என் அக்கா தன் மகளுக்குப் பாடுவது" என்றேன்.

"உன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் இருபது வருடமாக நான் சாவு வீட்டில் பாடுகிறேன். இவள் பிள்ளையைத் தூங்க வைக்கவில்லை. நீ வெட்டினதை மட்டும்தான் இவ்வளவு நாளும் எனக்குக் காட்டியிருக்கிறாய். வரி வரியாக அர்த்தம் சொல்லு" என்றாள்.

சொன்னேன் அக்கா. கட்டாத தொட்டில் என்று இங்கிலீஷில் சொன்னேன். மாமன் வருகிற பாதையில் மண் என்று சொன்னேன். ஊட்டாத பால் என்று சொல்லும்போது என் வாயே எனக்குக் கேட்டது. மூன்று நாள் அந்தக் குரலோடு உட்கார்ந்திருந்தவன் நான். தடிமன் என்று எழுதியவன் நான். உன் மூச்சு ஒவ்வொன்றையும் தேடித் தேடி வெட்டினேன். பாஷை தெரியாதவளுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. என்ன காது எனக்கு?

இல்லை என்று ஒரு வரி எழுது. நான் பைத்தியக்காரன் என்று எழுது. ஆம் என்றால் அந்தப் பாட்டை அழித்துவிடுகிறேன். சான்றிதழ் கிடக்கட்டும். டான்ஸ் மேளம் போட்டு ஆடினேன் அக்கா அதற்கு. பயணச்சீட்டுக்கு இங்கே கேட்டுப் பார்க்கிறேன், வந்துவிடுகிறேன்.

அஜந்தன்


குருவிமலைத் தோட்டம்
01.12.2001

அன்புத் தம்பி அஜந்தனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று அதுதான் எனக்குக் கவலை. முதலில் சாப்பிடு, பிறகு இதை வாசி.

ஆம்.

மே எட்டாம் திகதி பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள், நல்லபடியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பத்தாம் நாள் காய்ச்சல். மறுநாள் காலையில் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரிய வளைவில் மண் சரிந்து கிடந்தது. மச்சான் பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சில் கட்டிக்கொண்டு சேற்றைத் தாண்டி நடந்தார். நான் பின்னால் போனேன். மறுபக்கத்தில் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்து துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்டக்டரிடம், "தம்பி, நாங்க எறங்கிக்கிறோம்"ன்னு மட்டும் சொன்னார்.

பதினோரு நாள். உனக்குத் தெரியும் நம் வழக்கம். பல் முளைக்காத பிள்ளைக்குத் தப்பு அடிப்பதில்லை, பாடை இல்லை, ஒப்பாரி இல்லை. நாலு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "வேணாண்டி ஆயி. இதுக்குப் போயி ஒப்பாரி வச்சா அடுத்தது தங்காதுடி"ன்னு சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் என்னைப் பெறுவதற்கு முன்னே ஒன்றை அப்படிச் சத்தமில்லாமல் கொடுத்தவள்தான். மறுநாள்தான் இளையதம்பி ஐயா உன் கடிதத்தைக் கொண்டுவந்தார், தோடு வாங்கிய கடிதம்.

வேலைக்குப் போனேன். எந்தப் பிள்ளை அழுதாலும் பாலில் என் சட்டை நனைந்தது. பெற்றவர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்கள். பாட மட்டும் வாய் வரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளையும் தட்டித் தட்டித்தான் தூங்க வைத்தேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் வந்துவிடுவாய். வந்து என்ன செய்வாய்? அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் உண்மை. இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். உன் கடிதங்களில் அவள் வளர்ந்துகொண்டிருந்தாள். அதை முடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்குப் பொய் எழுதவில்லை அஜந்தா. எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

நீ தாலாட்டுக் கேட்டாய். கதவைச் சாத்திக்கொண்டதும் தாலாட்டு வரவில்லை. பொத்தி வைத்தது வந்தது. அனுப்பிய பிறகுதான் நாலு மாதத்துக்குப் பிறகு தூங்கினேன். அதனால் அழித்துவிடாதே.

மேளத்தையும் எடுக்காதே. எட்டுப் பேர் என்று எழுதியிருந்தாய். காலையிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை என்று எழுதியிருந்தாய். அவளுக்கு இங்கே ஒருவர்கூட அடிக்கவில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது மேளம் என்றால் அவளுக்கு உயிர். வேகமாகவே இருக்கட்டும்.

மூச்சை வெட்டினேன் என்று வருத்தப்படாதே. உன் வேலை அது.

படிப்பை முடித்துவிட்டு வா.

அக்கா,
சரோஜினி


அக்ரா
06.01.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். சாப்பிட்டேன். அம்மாவையும் மச்சானையும் நினைத்தபடியே இருக்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் நாள் எஃபுவா வந்து கதவைத் தட்டினாள். எல்லாம் சொன்னேன். "எத்தனை நாள் இருந்தாள்?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். விரல் விட்டு எண்ணினாள். "எட்டைத் தாண்டிவிட்டாள். அப்படியென்றால் அவள் விருந்தாளி இல்லை, ஊர் ஆள். எங்கள் கணக்கில் அவளுக்குப் பெயர் உண்டு, மேளம் உண்டு. என்ன கிழமை?" என்றாள். கலண்டரைப் பார்த்தோம். மே எட்டு செவ்வாய். எஃபுவாவின் ஊரில் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்ணுக்கு அராபா என்று பெயர். அட்டையில் பாட்டின் பெயர் அதுதான்.

எட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிட்டோம். எதற்கு என்று எஃபுவா அவர்களுக்குச் சொன்னாள். அதே வேகத்தில்தான் அடித்தார்கள். ஆனால் இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. எஃபுவாவும் தன் பங்கைப் புதிதாகப் பாடினாள்.

வெட்டின மூச்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டிவிட்டேன். வெட்டியதைவிட ஒட்டத்தான் நாள் பிடித்தது. மொத்தம் முப்பத்தொன்று. எந்த மூச்சு எந்த வரிக்குப் பின்னால் என்று இப்போது எனக்கு மனப்பாடம். வாத்தியார், "சுத்தமாக இல்லையே" என்றார். இப்படித்தான் இருக்கும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

தோடு என் பெட்டியில் இருக்கிறது. மாமன் மடி சும்மாதான் இருக்கிறது அக்கா. அதை நினைத்தால் தாங்கவில்லை.

கசட் இதற்குள் இருக்கிறது. கேட்க முடிந்தால் கேள். முடியாவிட்டால் வைத்திரு.

தம்பி,
அஜந்தன்


குருவிமலைத் தோட்டம்
24.02.2002

அன்புத் தம்பி அஜந்தனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மழை விட்டிருக்கிறது. அம்மாவும் மச்சானும் நானும் சுகம். சான்றிதழ் கிடைத்ததைக் கேட்டு மச்சான் கொஸ்லந்தைக்குப் போய் லட்டு வாங்கி வந்தார்.

கசட் வந்து எட்டு நாள் பெட்டியைத் திறக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. இளையதம்பி ஐயா ரேடியோவைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறுதலாக் கேளும் பிள்ளை, நாளைக்குத் தந்தாப் போதும்"ன்னு சொல்லிப் போனார். மச்சான் வாசல்படியில் உட்கார்ந்தார். அம்மா விறகுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கேட்டுவிடலாம் என்றுதான் போட்டேன்.

முதலில் மேளம். பிறகு என் குரல். அதை என் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. மூச்சு வந்த பிறகுதான் தெரிந்தது. எஃபுவா எங்கேயோ தூரத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காருவது போலப் பாடினாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. மச்சான் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். அந்த மனுஷன் இந்த ஒன்பது மாதத்தில் அழுததை நான் இன்றுதான் பார்த்தேன்.

நடுவில் அம்மா வந்துவிட்டாள். விறகுக்கட்டு தலையில் இருந்தபடியே லயத்து வாசலில் நின்றாள். நான் ஓடிப்போய் நிறுத்தப் போனேன்.

"யாருக்குடி இந்த மேளம்?" என்றாள்.

"நம்ம புள்ளைக்கும்மா."

அவள் கட்டை இறக்கி வைத்தாள். மச்சானுக்குப் பக்கத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்துக் காம்பராக்காரர்களும் என்ன சத்தம் என்று வெளியே வந்து நின்றார்கள். என் வாயைப் பொத்துவாள் என்றே நினைத்தேன்.

"ஏன் பொட்டிய அமுக்கி வச்சிருக்க? எல்லாருக்குங் கேக்குற மாதிரிச் சத்தத்தக் கூட்டி வையி" என்றாள்.

கூட்டி வைத்தேன்.

உன் அக்கா,
சரோஜினி